மணிப்பட்டையும் ஒரு மாத லீவும்

வண்டி மணலில் இறங்கிவிட்டது. ஓட்டியவர் எங்கள் மேனேஜர் சேகர் சார். "டயர்ல காத்தைக் குறைச்சுக்கலாம் சார்" என்று நான் சொன்னதற்கு, "எனக்கு மணலைத் தெரியும்யா" என்றார். மணலுக்கு அவரைத் தெரியவில்லை போலிருக்கிறது.

அபுதாபியை ஒட்டிய முசஃபாவில் ஒரு ஈவென்ட் கம்பெனியில் நான் ஸ்டோர் இன்சார்ஜ். பாலைவனத்தில் பனித்திருவிழா நடத்த ஆர்டர் வந்திருந்தது. நுரையைப் பீய்ச்சிப் பனி செய்து, குதிரை பூட்டிய சறுக்கு வண்டியில் குழந்தைகளை ஏற்றவேண்டும். வெயிலில் மண்டை காய்ந்தவனுக்குத்தான் இப்படியெல்லாம் தோன்றும். குதிரைக்கு அசல் பழைய மணிதான் கட்டவேண்டும் என்று கிளையண்ட் ஒரே பிடிவாதம்.

அபுதாபியில் குடியிருந்த ஒரு கனடாக்காரப் பெரியவரிடம் அது கிடைத்தது. தோல்பட்டையில் வரிசையாகப் பித்தளைக் குண்டுமணிகள், நடுவில் பெரியது, ஓரம் போகப்போகச் சிறியது. மேலே பூவிதழ் போலச் செதுக்கல், உள்ளே இரும்புக் குண்டு. பட்டையைத் தனியாக அனுப்ப மனமில்லாமல் பெரியவரும் எங்களோடு வண்டியில் ஏறிக்கொண்டார். பனியில் சறுக்கு வண்டி சத்தமே இல்லாமல் வருமாம். திருப்பத்தில் எதிரே வருகிறவன் ஒதுங்கவேண்டுமே, அதற்குத்தான் மணியாம். அந்தக் காலத்து ஹாரன் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

நாங்கள் மாட்டிக்கொண்ட இடத்துக்கு எங்கள் தண்ணீர் டேங்கரே வந்தது. டிரைவர் கருப்பையா, சிவகங்கைப் பக்கம். மகள் கல்யாணத்துக்கு ஒரு மாதம் லீவு கேட்டு, "சீசன்ல லீவு மாஃபி, கிடையவே கிடையாது" என்று அன்று காலையில்தான் சேகர் சாரிடம் வாங்கிக் கட்டிக்கொண்டிருந்தான். இருந்தாலும் கயிறு கட்டி எங்களை வெளியே இழுத்துவிட்டான்.

பெரியவர் இறங்கினார். மணிப்பட்டையைப் பெட்டியோடு தூக்கிக் கருப்பையா கையில் கொடுத்தார். பனியில் சிக்கிய வண்டியை எவன் மீட்கிறானோ, அந்த வண்டியின் மணி அவனுக்குப் போய்விடும் என்பது அவர்கள் ஊர்ப் பழைய வழக்கமாம். அதைக் கருப்பையாவுக்கு நான் தமிழில் சொன்னேன்.

கருப்பையா பதறிவிட்டான். "ஐயய்யோ, மணல்ல மாட்டுனவன இழுத்துவிட இங்க யாருண்ணே கைநீட்டி வாங்குறா? அவர்ட்டயே குடுத்துருங்க."

கொடுத்துப் பார்த்தேன். திரும்ப வாங்குவது தன் குடும்பத்துக்கே கேவலம் என்று பெரியவர் கையைப் பின்னால் கட்டிக்கொண்டார்.

"கிழவனுக்கு மூளை கலங்கிருச்சு" என்றார் சேகர் சார். "கருப்பையா, பொட்டிய வண்டில வை. சாயங்காலம் ஷோ இருக்கு, மணி இல்லாட்டி கிளையண்ட் என்னைத் தொலைச்சிருவான்."

சேகர் சார் பெட்டியைக் கைகாட்டியதிலேயே பெரியவருக்கு விஷயம் விளங்கிவிட்டது. ஓனரைக் கேட்காமல் எடுக்கக்கூடாது என்று கருப்பையாவைக் காட்டினார்.

கருப்பையா என்னைப் பார்த்தான். "அப்ப இது நெசமாவே என்னுதாண்ணே?"

"உன்னுதுதான்."

பெட்டியை மார்போடு அணைத்துக்கொண்டு சேகர் சார் பக்கம் திரும்பினான். "தாராளமா கட்டிக்கங்க சார். சீசன் முடியிற வரைக்கும் வச்சுக்கங்க. நான் மக கல்யாணத்துக்குப் போகணும்."

"என்னய்யா, மிரட்டுறியா?"

"இல்ல சார். உங்களுக்கு மணி வேணும், எனக்கு லீவு வேணும்."

சேகர் சார் வானத்தைப் பார்த்தார், மணலைப் பார்த்தார், கடைசியில் போனை எடுத்து ஆபீசுக்குப் பேசினார். லீவு அங்கேயே சாங்ஷன், வேலை கலாஸ். அன்று சாயங்காலம் குதிரை ஜல்ஜல் என்று நுரைக்குள் ஓடியது. கிளையண்ட் கைதட்டினார், சேகர் சார் தன் சாதனை போலத் தலையாட்டிக்கொண்டார்.

வேலைக்குப் புதிதாக வருகிற தம்பிகளுக்குச் சொல்கிறேன். லீவு லெட்டரில் 'பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்' என்று எழுதுங்கள், தப்பில்லை. ஆனால் மேனேஜருக்கு உயிர்போகிற அவசரம் எது, அது யார் கையில் இருக்கிறது என்று பார்த்துவிட்டுக் கேளுங்கள். மணமேடையில் மகள் பக்கத்தில் நிற்கிற போட்டோவைக் கருப்பையா அனுப்பியிருந்தான். எனக்குச் சந்தோஷம்தான், வயிற்றெரிச்சலும்தான். பணிவுடன் கேட்டே பழகிய நான், என் மகள் கல்யாணத்தைப் போனில்தான் பார்த்தேன்.