டீச்சருக்கு மார்க் போட வந்த நாள்

ஹெர்மெலிந்தா சுல்கா டீச்சரை வீட்டுக்கு அனுப்ப அரசாங்கத்துக்கு இன்னும் ஒரே ஒரு மணி நேரம்தான் தேவைப்பட்டது. மலைமேட்டுக் கிராமமான சில்காபாம்பாவின் பள்ளிக்கூடத்தில் இருபது வருஷத்துக்கு மேலாக ஒற்றை ஆளாக ஆறு வகுப்புக்கும் பாடம் நடத்தியவர் அவர். புதுச் சட்டப்படி யாரோ ஒருவர் வருவார், வகுப்பு மூலையில் ஒரு மணி நேரம் உட்காருவார், டீச்சருக்கு மார்க் போடுவார். முதல் தடவை தேறாவிட்டால் ஆதரவுப் பயிற்சி உண்டு. இரண்டாம் தடவையும் தேறாவிட்டால் வேலை போச்சு. டீச்சர் முதல் தடவை தேறவில்லை.

ஏன் தேறவில்லை என்று நினைத்தாலே வயிறு எரிகிறது. எங்கள் மேட்டில் அந்நியர் முன்னால் தலையைக் குனிந்து வாயை மூடிக்கொண்டு இருப்பதுதான் நல்ல பிள்ளைக்கு அழகு. அதைச் சொல்லிச் சொல்லித்தான் ஒவ்வொரு தாயும் வளர்க்கிறாள். கடற்கரைப் பக்கத்திலிருந்து வந்த அந்தக் கனவான் எங்கள் கெச்சுவா மொழியில் ஒரு வார்த்தை தெரியாதவர். டை கட்டிக்கொண்டு மூலையில் உட்கார்ந்தார். டீச்சர் கேட்ட எந்தக் கேள்விக்கும் ஒரு பிள்ளை வாய் திறக்கவில்லை. ‘மாணவர்களிடம் ஆர்வம் இல்லை, பங்கேற்பு இல்லை’ என்று எழுதிவிட்டு அவர் இறங்கிப் போனார்.

அப்புறம் ஆதரவு வந்தது. அதையும் சொல்ல வேண்டும். துணையாசிரியர் ஒருவர் மாதாமாதம் வந்து பக்கத்தில் இருந்து சொல்லித் தருவார் என்றார்கள். ஒரே ஒரு தடவை வந்தார். உயரம் ஒத்துக்கொள்ளாமல் தலை சுற்றி, டீச்சரின் கட்டிலில் படுத்துக் கோகா இலைத் தேநீர் குடித்து, பிள்ளைகளோடு ஒரு போட்டோ எடுத்துக்கொண்டு போனார். போனவர் போனவர்தான். பிறகு இணையவழிப் பயிற்சி. சில்காபாம்பாவில் சிக்னல் கிடைக்கும் ஒரே இடம் பள்ளிக்குப் பின்னால் இருக்கும் மலையுச்சி. மத்தியானம் பிள்ளைகளை அனுப்பிவிட்டு, போர்வையைச் சுற்றிக்கொண்டு, மேயும் ஆடுகளுக்கு நடுவில் போனை உயரத் தூக்கிப் பிடித்து டீச்சர் பாடம் படித்தார். வகுப்புக்கு ஓர் ஆசிரியராக ஆறு பேர் கலந்து பேசித் திட்டமிடுவது எப்படி என்று படத்தில் ஓர் அம்மாள் சிரித்துக்கொண்டே சொன்னாள். அவள் சொல்லி முடிப்பதற்குள் சிக்னல் போய்விட்டது.

திங்கட்கிழமை விடியலில் மேட்டுப் பள்ளிகளுக்குப் போகும் ஆசிரியர்கள் எல்லாரும் ஒரே லாரியில், சிமெண்ட் மூட்டைகள் மேல் உட்கார்ந்துதான் ஏறுவார்கள். தேர்வுக்கு முந்தின வாரம், சம்பளம் வாங்கக் கீழே போயிருந்த ஹெர்மெலிந்தாவும் அதில் இருந்தார். அடுத்த பள்ளத்தாக்கின் ஆசிரியர் ருஃபினோ அன்றைக்கும் ஆரம்பித்தார்.

“தலைநகர் லிமாவுல மந்திரி மாறுனா பாடத்திட்டம் மாறும். பாடத்திட்டம் மாறுனா புஸ்தகப் பெட்டி வரும். பெட்டி வந்தா நாமதான் சுமக்கணும். நம்மள ஒரு வார்த்தை கேட்டானா எவனாவது?”

“கேட்டா என்ன சொல்லுவீங்க சார்?” என்றார் ஹெர்மெலிந்தா.

“எனக்குக் கூரை ஒழுகுதுன்னு சொல்லுவேன். அவன் அதுக்கும் ஒரு பயிற்சி அனுப்புவான்.”

லாரியில் எல்லாரும் சிரித்தார்கள். ஹெர்மெலிந்தாவும் சிரித்துப் பார்த்தார், முடியவில்லை.

“மார்க் போடட்டும் சார், நான் வேண்டாங்கல. நான் எங்க தப்பு பண்றேன்னு ஒருத்தர் கூட நின்னு காட்டிக் குடுத்துட்டுப் போடட்டும். இத்தன வருஷத்துல என் வகுப்ப முழுசா பார்த்த ஆசிரியர் ஒருத்தர்கூட இல்ல. என்னை வேலைய விட்டுத் தூக்கத்தான் மொதமொதல்ல ஆள் வருது.”

ருஃபினோவுக்கு அடுத்த வருஷம் முறை.

ஹெர்மெலிந்தாவுக்கு ஐம்பத்து மூன்று வயது. பள்ளிக்குப் பின்னால் ஒட்டிய அறைதான் வீடு. இதைத் தவிர வேறு வேலை தெரியாது, தெரிந்தாலும் யார் தருவார்கள்? அதைவிடப் பெரிய பயம் ஒன்று இருந்தது. அவருக்கு முன்னால் வந்த ஆசிரியர்கள் எல்லாரும் மார்ச்சில் பள்ளி திறக்கும்போது வந்து, முதல் பனி விழுந்ததும் ஓடினவர்கள். அவர் போனால் பிள்ளைகள் இருபது பேரையும் கீழே உள்ள பள்ளியோடு சேர்த்துவிட்டு இங்கே கதவைச் சாத்திவிடுவார்கள். அத்தனை தூரம் எந்தத் தாய் அனுப்புவாள்?

அந்தப் பயத்தில்தான் அவர் அந்தத் தப்பைச் செய்தார். ஞாயிற்றுக்கிழமை ஊர்க்கூட்டத்தில் எழுந்து நின்றார்.

“புதன்கிழமை எனக்குத் தேர்வு. உங்ககிட்ட ஒண்ணே ஒண்ணுதான் கேட்கறேன். அந்த ஒரு மணி நேரம் நாயக் கட்டிப் போடுங்க, டிராக்டர எடுக்காதீங்க, யாரும் பள்ளிக்கூடத்துப் பக்கம் வராதீங்க. இந்தத் தடவையும் போச்சுன்னா என்னை இங்கிருந்து எடுத்துருவாங்க.” ஊரார் முன்னால் அவர் அழுதது அதுதான் முதல் தடவை.

ஊர்த்தலைவர் மெல்கியாதெஸ் எழுந்து தொப்பியைக் கழற்றினார். அவருடைய மகளுக்கு முதல் முடி இறக்கிய ஞானத்தாய் டீச்சர்தான். அந்த உறவில் அவர் டீச்சரைக் கொமாத்ரே என்றுதான் கூப்பிடுவார்.

“அழாதீங்க கொமாத்ரே. ஊர் பாத்துக்கும்.”

ஊர் எப்படிப் பார்த்துக்கொள்ளும் என்று டீச்சர் கேட்டிருக்க வேண்டும். எங்களுக்கு ஒரு வழக்கம் உண்டு. அதிகாரி யாராவது மேலே ஏறி வந்தால், நாங்கள் கேட்டதைத் தருவதாக ஊர் மினிட் புத்தகத்தில் கையெழுத்துப் போடாமல் அவரைக் கீழே இறங்க விடுவதில்லை. பாலம் அப்படித்தான் வந்தது. தடுப்பூசி போடும் நர்ஸும் அப்படித்தான் வந்தாள். அது டீச்சருக்கும் தெரியும். ஆனால் தேர்வும் பாலமும் ஊருக்கு ஒன்றுதான் என்று அந்த நேரத்தில் அவருக்குத் தோன்றவில்லை.

புதன்கிழமை மார்க் போட வந்தவள் யெசெனியா என்ற சின்னப் பெண். ஜீப்பை விட்டு இறங்கியதும் முதல் வகுப்புப் பிள்ளை ஒருத்தியிடம் கெச்சுவாவில் பெயர் கேட்டாள். பிள்ளை தலையை நிமிர்த்திப் பார்த்தாள். டீச்சருக்குப் பாதி உயிர் திரும்பி வந்தது.

பாடம் சுன்யோவைப் பற்றியது. பச்சை உருளைக்கிழங்கைப் பனியில் போட்டு, மிதித்து, வெயிலில் காயவைத்தால் கூழாங்கல் போல ஆகிவிடுகிற அதே சுன்யோதான். ஒரு பக்கம் பத்துக் கிலோ கிழங்கு, இன்னொரு பக்கம் காய்ந்தது இரண்டு கிலோ. சின்னவர்கள் எண்ணினார்கள், நடுவில் இருந்தவர்கள் எடை போட்டார்கள், பெரியவர்கள் ஐந்தில் ஒரு பங்கு என்று கண்டுபிடித்தார்கள்.

“எங்கம்மா போட்டது இவ்ளோ வரல டீச்சர்!” என்றாள் தெல்மிரா.

“உங்கம்மா சரியா மிதிச்சிருக்க மாட்டாங்க” என்று ஒரு குரல்.

“உங்கம்மாதான் தின்னுட்டு மிதிக்கறாங்க!”

வகுப்பே கொல்லென்று சிரித்தது. டீச்சர் சண்டையைத் தடுக்கவில்லை. அப்படியானால் தெல்மிரா வீட்டில் எத்தனையில் எத்தனை பங்கு வந்தது, ஏன் குறைந்தது என்று கேட்டார். பனி குறைவான வருஷம் என்றான் ஒருவன். கிழங்கு சொத்தை என்றாள் இன்னொருத்தி. ஆளுக்காள் கரும்பலகைக்கு ஓடினார்கள். யெசெனியா கையிலிருந்த டேப்லெட்டை மறந்து கேட்டுக்கொண்டிருந்தாள். தன் வகுப்பை இன்னொருவர் ரசித்துப் பார்ப்பது இப்படித்தான் இருக்குமா என்று டீச்சருக்கு நெஞ்சு நிறைந்தது.

பிள்ளைகள் விளையாட ஓடியதும் யெசெனியா மார்க்கைப் போட்டு முடித்தாள். “நான் சொல்லக் கூடாது டீச்சர். ஆனா நீங்க தேறிட்டீங்க. நல்லாவே தேறிட்டீங்க. நான் சின்ன வயசுல படிச்ச ஊர்ல இப்படி ஒரு டீச்சர் இருந்திருந்தா…”

அவள் முடிக்கவில்லை. வெளியே கதவுத் தாழ்ப்பாள் விழுந்தது. பூட்டும் விழுந்தது.

ஜன்னலில் பார்த்தால் ஊரே நின்றது. பெண்கள் ஆடு ஓட்டும் கவண்கயிற்றை இடுப்பில் செருகியிருந்தார்கள்.

“மெல்கியாதெஸ்! என்ன இது? கதவத் திறங்க!”

“நீங்க சும்மா இருங்க கொமாத்ரே, இது ஊர் விஷயம்.” மினிட் புத்தகம் ஜன்னல் கம்பிக்குள் நுழைந்தது. “தாயீ, கோவிச்சுக்காதீங்க. எங்க டீச்சருக்கு முழு மார்க்குன்னு எழுதிக் கையெழுத்துப் போடுங்க. சூப்பு தயாரா இருக்கு. குடிச்சுட்டு இறங்கலாம்.”

“வேண்டாம் ஐயா! கெஞ்சிக் கேட்கறேன், திறங்க!” என்று டீச்சர் கம்பியைப் பிடித்துக் கத்தினார்.

“பாத்தீங்களா, எவ்வளவு பயந்து போயிருக்காங்க” என்றாள் வெளியே ஒருத்தி.

யெசெனியாவின் முகத்தில் ஈயாடவில்லை. அவள் கை காட்டிய பக்கம் டீச்சர் பார்த்தார். ஜீப் டிரைவர் மலையுச்சியில் நின்று போனில் பேசிக்கொண்டிருந்தார்.

“ஆபீசுக்குச் சொல்லிட்டார் டீச்சர். பூட்டி வெச்சு வாங்குன மார்க் செல்லாது. மிரட்டி வாங்குனதுன்னு எழுதி, நீங்க தேறலன்னு முடிச்சுருவாங்க.”

“நீ முன்னாடியே போட்டுட்டியேம்மா! பூட்டறதுக்கு முன்னாடியே போட்டேன்னு சொல்லு.”

“சொல்லுவேன். யார் நம்புவாங்க? கீழ போய்தான் அந்த மார்க்க அனுப்பணும், இங்க ஏது சிக்னல்?”

“எனக்கு இனி இன்னொரு தடவை கிடையாதும்மா.”

“தெரியும்” என்று அந்தப் பெண் அழ ஆரம்பித்தாள். “நானும் வருஷ ஒப்பந்தத்துல இருக்கறவதான் டீச்சர்.”

அவளை அணைத்துத் தேற்ற வேண்டியதும் ஹெர்மெலிந்தாவின் தலையில் விழுந்தது. ஊர் அசைவதாக இல்லை. வெயில் சாயத் தொடங்கியதும் யெசெனியா மூக்கைத் துடைத்துக்கொண்டு கையெழுத்துப் போட்டாள்.

பூட்டு திறந்தது. குழலும் தம்பட்டமும் கிளம்பின. கொடுத்த சூப்பைத் தொடாமல் யெசெனியா ஜீப்பில் ஏறினாள். அவள் தலையிலும் டீச்சர் தலையிலும் பெண்கள் வண்ணக் காகிதத் துணுக்குகளை அள்ளிப் போட்டார்கள். ஜீப் வளைவில் மறையும் வரை டீச்சர் பார்த்துக்கொண்டே நின்றார். உண்மையைச் சொல்லிவிடத்தான் வேண்டும், எப்படியும் ஆபீசிலிருந்து கடிதம் வந்ததும் தெரியப் போகிறது என்று நினைத்தார். மெல்கியாதெஸை ஓரமாகக் கூப்பிட்டார்.

“நீங்க பூட்டறதுக்கு முன்னாடியே அந்தப் பொண்ணு மார்க் போட்டுட்டா.”

குழல் ஊதினவர்கள் நிறுத்தினார்கள். பெண்கள் நெருங்கி வந்தார்கள். மெல்கியாதெஸின் முகம் மெல்ல மாறியது.

“போட்டுட்டாளா? நல்ல மார்க்கா, கெட்ட மார்க்கா கொமாத்ரே?”

காலையிலிருந்து அடுப்பு மூட்டி, வேலையை விட்டுவிட்டு வந்து நின்ற அத்தனை முகங்களையும் ஹெர்மெலிந்தா பார்த்தார். தன் வாழ்நாளில் தனக்குக் கிடைத்த ஒரே ஒரு நல்ல மார்க் அது. அதை இவர்களிடம் சொன்னால் இவர்கள் இனி எப்படித் தூங்குவார்கள்?

“கெட்ட மார்க்தான்” என்றார்.

“கேட்டீங்களா!” என்று மெல்கியாதெஸ் கூட்டத்தைப் பார்த்துக் கையை உயர்த்திக் கத்தினார். “நாம மட்டும் வரலேன்னா என்ன ஆயிருக்கும்!”