கர்ப்பிணிக்கு ஒரு சுற்றுலாக் கடிதம்

துபாயின் அல் கூஸ் பகுதியில் எங்கள் அலுவலகம் ஒரு கிடங்கின் மாடியில் இருந்தது. கீழே நாள் முழுக்க இரும்பு வெட்டும் சத்தம். மேலே நானும் என் மேலாளரும். அவர் அமெரிக்கர். ஊரில் வழக்கறிஞராக இருந்து அலுத்துப்போய், ஒரு கட்டுமான கம்பெனியின் ஒப்பந்தங்களைப் பார்க்க துபாய்க்கு வந்தவர். நான் அவருடைய செக்ரட்டரி. விசாவில் மட்டும் எலெக்ட்ரிகல் சூப்பர்வைசர். கம்பெனியிடம் அந்த விசாதான் மிச்சம் இருந்ததாம். எனக்கு பல்பு மாட்டத் தெரியும், அதோடு சரி. காகிதம் ஒன்று சொல்லும், வேலை வேறொன்று நடக்கும். இரண்டாயிரங்களின் நடுவில் நான் அறிந்த வளைகுடாவில் இதை யாரும் பொய்யென்று நினைத்ததில்லை.

அவர் நினைப்பார். டாக்ஸி பில்லைக்கூட வரி விடாமல் படித்துவிட்டுத்தான் கையெழுத்துப் போடுவார். மாதம் ஒருமுறை தன் நாட்டுப் பத்திரிகை ஒன்றுக்குக் கட்டுரை எழுதுவார். அவர் அறைக்குள் நடந்துகொண்டே சொல்ல, நான் தட்டச்சு செய்வேன். தொட்டதற்கெல்லாம் நஷ்டஈடு கேட்டு வழக்குப் போடுவது நாட்டைக் கெடுக்கிறது, பிள்ளை எந்தப் பள்ளியில் படிக்க வேண்டும் என்பதைப் பெற்றவர்கள்தான் முடிவு செய்ய வேண்டும், நீதிபதியின் வேலை சட்டத்தைப் படிப்பதே தவிர எழுதுவதல்ல. எல்லாம் இந்த வகை. பழமைவாதி என்று தன்னைத் தானே பெருமையாகச் சொல்லிக்கொள்வார். எனக்கு அவரைப் பிடிக்கும். சொன்னதைச் செய்கிற ஆள்.

ஒரு மாதம் குடியுரிமையைப் பற்றி எழுதினார். அமெரிக்க மண்ணில் பிறந்த குழந்தை அமெரிக்கக் குடிமகன் என்பது அங்கே நடைமுறை. ஆனால் அரசியல் சட்டத்தில் பிறப்போடு இன்னொரு நிபந்தனையும் இருக்கிறது, நாட்டின் ஆளுகைக்கு உட்பட்டிருக்க வேண்டும் என்று; அதைச் சும்மா அழகுக்கு எழுதி வைக்கவில்லை; சுற்றிப் பார்க்க வந்து திரும்பிப் போகிறவர்களின் பிள்ளைக்கு அது பொருந்தாது என்பது அவர் வாதம். தட்டச்சு முடிந்ததும் என் அபிப்பிராயம் கேட்டார்.

"கரெக்ட்தான் சார். விருந்தாளி விருந்தாளிதானே?" என்றேன்.

முகத்துதிக்காகச் சொல்லவில்லை. மனதாரத்தான் சொன்னேன். கராமாவில் எங்கள் கட்டடத்தில் மட்டும் இங்கேயே பிறந்த குழந்தைகள் பத்துப் பன்னிரண்டு இருக்கும். ஒருவராவது போய்க் குடியுரிமை கேட்டிருப்போமா? விசா கொடுத்த கஃபீலுக்கு நம்மைப் பிடிக்கிறவரை இருப்போம், கலாஸ், முடிந்தது என்றால் பெட்டியைக் கட்டுவோம். எங்களுக்கு இருக்கிற அடக்கம் அமெரிக்காவுக்குப் போகிறவனுக்கு மட்டும் ஏன் இல்லை என்று எனக்குக் கொஞ்சம் கடுப்பும் இருந்தது.

தலைவலியும் காய்ச்சலும் தனக்கு வந்தால்தான் தெரியும். அப்போது என் மனைவிக்கு நான்காம் மாதம். நியூ ஜெர்சியில் இருந்த என் அக்கா போன் செய்தாள்.

"இங்க வந்து பெத்துக்கட்டும்டா. புள்ள பொறந்த அன்னிக்கே அமெரிக்கன். நீ அங்க எத்தன வருஷம் கெடந்தாலும் உனக்கு என்ன தரப் போறான்?"

அன்று முழுக்க எனக்கு வேலை ஓடவில்லை. இருபது வருஷம் இருந்த ஒருவர், வேலை போன மாதமே மூன்று பிள்ளைகளோடு கிளம்பிப் போனதைப் பக்கத்து ஃபிளாட்டில் பார்த்திருந்தேன். என் பிள்ளையை எவனும் போ என்று சொல்லக் கூடாது. எனக்கு வேண்டியது அது ஒன்றுதான். போன மாதம் நான் தட்டச்சு செய்த கட்டுரையை அடியோடு மறந்தேன் என்று சொன்னால் பொய். நன்றாக ஞாபகம் இருந்தது. கண்டுகொள்ளவில்லை.

அமெரிக்க விசாவுக்கு கம்பெனிக் கடிதம் வேண்டும். என் மனைவி மூன்று மாதம் நாத்தனார் வீட்டில் தங்கிச் சுற்றிப் பார்க்கப் போகிறாள் என்று நானே அடித்து, மற்ற கடிதங்களுக்கு நடுவில் செருகி அவர் மேசையில் வைத்தேன். இதில் நான் செய்த முட்டாள்தனம் ஒன்று உண்டு. அதற்கு முந்தைய வெள்ளிக்கிழமைதான் ஐந்தாம் மாதம் பிறந்தது என்று வீட்டில் ஐந்து வகைச் சோறு ஆக்கியிருந்தோம். அவரையும் அழைத்திருந்தேன். புளியோதரையை இரண்டு முறை கேட்டு வாங்கிச் சாப்பிட்டார். பூ வைத்து உட்கார்ந்திருந்த என் மனைவியைப் பார்த்து, குழந்தை எப்போது என்று கேட்டு, வாழ்த்தும் சொன்னார். அவரிடம்தான் நான்காம் நாள் சுற்றுலா என்று கடிதம் நீட்டினேன்.

கூப்பிட்டார். கதவைச் சாத்தச் சொன்னார்.

"அவள் பிரசவத்துக்குத்தானே போகிறாள்?"

தலையை ஆட்டினேன்.

"அதை எழுதிக் கொண்டு வா. கையெழுத்துப் போடுகிறேன். இன்றைக்கு அங்கே நடைமுறை அதை அனுமதிக்கிறது. அது மாற வேண்டும் என்பது என் கட்சி. மாறும்வரை உன்னைத் தடுக்க நான் யார்? ஆனால் இந்தக் கடிதத்தில் போட மாட்டேன்."

எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. "என் விசாவில் நான் எலெக்ட்ரிகல் சூப்பர்வைசர் சார். அது மட்டும் உங்கள் கண்ணில் படவில்லையா?"

"பட்டது. வந்த புதிதிலேயே தலைமை அலுவலகத்துக்கு எழுதினேன். பதில் வரவில்லை. அதில் இருப்பது என் கையெழுத்து இல்லை."

இப்படிப்பட்ட ஆளிடம் என்ன சண்டை போடுவது? வீட்டுக்கு வந்து மனைவியிடம் புலம்பினேன். ஊருக்கு உபதேசம் எழுதுகிற மனுஷனுக்கு நம் கஷ்டம் எங்கே தெரியும் என்று கத்தினேன். அவள் வெங்காயம் உரித்துக்கொண்டே கேட்டுவிட்டுச் சொன்னாள்.

"அவரு போட மாட்டேன்னு சொல்லலியே. உள்ளத எழுதிக் கேக்கறதுல ஒங்களுக்கு என்ன வெக்கம்?"

"உள்ளத எழுதினா விசா கெடைக்காது."

"கெடைச்சா போறேன். இல்லாட்டி இங்கயே பெத்துக்கறேன். திருட்டுத்தனமா போய் ஒரு புள்ளயப் பெத்துட்டு வர எனக்கு மனசு வரல."

உள்ளதை எழுதினேன். அவர் ஒரு கமாவைத் திருத்திக் கையெழுத்துப் போட்டார். தூதரகத்தில் எங்கள் முறை வந்தபோது கண்ணாடிக்குப் பின்னால் இருந்த அதிகாரி கடிதத்தை ஒரு தடவை படித்தார். பிரசவத்துக்காகவேதான் போகிறீர்களா என்று கேட்டார். நான் சுற்றி வளைத்து ஏதோ சொல்ல வாயெடுப்பதற்குள் அவள் "எஸ்" என்றாள். விசா இல்லை என்று பாஸ்போர்ட்டைத் திருப்பித் தந்துவிட்டார்கள். வெளியே வந்து வெயிலில் நிற்கும்போது எனக்கு அழுகை முட்டியது. அவளுக்குப் பசித்தது. சத்வாவில் ஒரு கடையில் தோசை சாப்பிட்டோம்.

மகள் துபாயிலேயே பிறந்தாள். பாஸ்போர்ட் படத்துக்குக் கண் திறந்திருக்க வேண்டும் என்று கராமா ஸ்டுடியோக்காரர் அரை மணி நேரம் கைதட்டி, சாவிக்கொத்தை ஆட்டிப் பார்த்தார். அவள் தூங்கினாள். எப்படியோ ஒரு கொட்டாவிக்குப் பிறகு ஒரு நொடி விழித்ததைப் பிடித்துவிட்டார்.

அடுத்து அவளுக்குக் குடியிருப்பு விசா. அதற்கும் கம்பெனிக் கடிதம்தான். மேலாளர் வழக்கம்போல எழுத்தெழுத்தாகப் படித்தார். பிறந்த இடம் துபாய், நாடு இந்தியா. கடிதத்தோடு இணைத்திருந்த படத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தார்.

"இங்கேயே பிறந்திருக்கிறாள். இவர்கள் இவளுக்கு என்ன தருவார்கள்?"

"விசா தருவார்கள் சார். எனக்கு இந்த வேலை இருக்கும்வரை."

பேனாவைத் திறந்தார். பிறகு, "அந்தக் கட்டுரையில் நான் எழுதியதும் ஏறக்குறைய இதுதான், இல்லையா?" என்றார்.

"ஆமாம் சார். நானும் கரெக்ட் என்றுதான் சொன்னேன்."

விருந்தாளி விருந்தாளிதான் என்பதற்கு எதிராக இன்று கேட்டாலும் என்னிடம் வாதம் கிடையாது. ஆனால் அந்த நிமிஷம், அவர் ஒரே ஒரு முறை, தான் எழுதியது தப்பு என்று சொல்லிவிட மாட்டாரா என்று ஏங்கினேன். அவர் நினைக்காததைச் சொல்கிறவர் இல்லை. கையெழுத்துப் போட்டு, குழந்தையின் படத்தைக் கசங்காமல் ஒரு உறையில் வைத்து என்னிடம் கொடுத்தார்.