தானே மாறும் மணிக்கூடு

மணிக்கூடு விற்பவர்களுக்கு நேரம் எப்போதும் நன்றாக இருக்கும் என்று நினைப்பவர்கள், ஒரு சனிக்கிழமை எங்கள் கடைக்கு வந்து என் மேசைக்குப் பின்னால் நின்று பார்க்க வேண்டும்.

ஜெர்மனியின் ஆஹென் நகரில், பஸ் நிலையத்துக்குக் கிட்ட இருக்கிற மின்சாமான் கடையொன்றில் வேலை செய்கிறேன். காலையில் விற்பனை. மத்தியானத்துக்குப் பிறகு, திரும்பி வருகிற சாமான்களை வாங்கும் மேசை. மற்றச் சாமான்கள் பழுதாகித்தான் திரும்பி வரும். பழுதாகாமலே திரும்பி வருகிற சாமான் ஒன்று உண்டு. அதுதான் ரேடியோ அலையைப் பிடித்து ஓடுகிற அலாரம் மணிக்கூடு. ஜெர்மன்காரர் 'ஃபுங்க்வெக்கர்' என்பார்கள். எங்கள் சனம் அதைச் சுருக்கி 'வெக்கர்' ஆக்கிவிட்டது. பிராங்க்ஃபுர்ட் பக்கத்தில் ஒரு கோபுரம் நின்று நாடு முழுக்க நேரத்தை அனுப்பிக்கொண்டிருக்கிறது. மணிக்கூடு அதைப் பிடித்துத் தன்னைச் சரிசெய்துகொள்ளும். கோடை நேரம், குளிர்கால நேரம் இரண்டுக்கும் தானே மாறும். பெட்டியில் அப்படித்தான் போட்டிருக்கிறது. அதை எழுதியவர் எங்கள் மேசைக்கு ஒருநாளும் வந்ததில்லை. இப்படியான மேசைகளில் கால் வீங்க நின்று, "விளங்குது, விளங்குது" என்று சொல்லிச் சொல்லி வாய் உலர்ந்தவர்களே, உங்களுக்குத்தான் இதை எழுதுகிறேன். மற்றவர்கள் சிரித்துவிட்டுப் போகலாம்.

புஷ்பா அக்காவின் பதினைந்து நிமிடம்

புஷ்பா அக்காவின் வீட்டில் எல்லா மணிக்கூடும் பதினைந்து நிமிடம் முந்தித்தான் ஓடும். அவருடைய கணவர் எங்கே போவதென்றாலும் பிந்துகிற மனுசன். கல்யாண வீட்டுக்குப் போனால் பந்தி முடிந்திருக்கும், பூசைக்குப் போனால் சனம் வெளியே வந்துகொண்டிருக்கும். அக்கா கண்டுபிடித்த வைத்தியம்தான் இந்தப் பதினைந்து நிமிடம். புதிதாக வாங்கின வெக்கரையும் அப்படியே முந்தி வைத்திருக்கிறார். விடிய எழும்பிப் பார்த்தால் அது சரியான நேரத்தைக் காட்டுகிறது. திரும்ப முந்தி வைத்தார். அடுத்த நாளும் அதே கதை.

"அக்கா, அது பழுதில்லை. இரவில அலையைப் பிடிச்சுச் சரியான நேரத்துக்கு வந்திடும். அதைத்தானே நல்லதெண்டு விக்கிறம்" என்றேன். அக்கா மணிக்கூட்டை என் பக்கம் தள்ளிவிட்டார். "முப்பது வருசமா இந்த மனுசன் தன்னைத் திருத்தேல்லை. இது ஒவ்வொரு இரவும் தன்னைத் திருத்துது. ரெண்டையும் ஒரு அறைக்குள்ள வைச்சிருக்க என்னால ஏலாது, எடுங்கோ."

திருநெல்வேலி நேரம்

எங்கள் ஊரில் பெரிய தொழில்நுட்பப் பல்கலைக்கழகம் இருக்கிறது. அதனால் தமிழ்நாட்டுப் பிள்ளைகளும் நிறைய வருவார்கள். நவீன் திருநெல்வேலிப் பக்கத்துப் பெடியன். மணிக்கூட்டைக் கொண்டுவந்து வைத்தபோது அவன் முகத்தில் கோபம் இருக்கவில்லை. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது. கோபத்தோடு வருகிறவர்களைச் சமாளிக்கப் பழகியிருக்கிறேன்.

"இதுல அரை மணி நேரம் செட் ஆக மாட்டேங்குது அக்கா" என்றான். அந்த மணிக்கூட்டில் வேறு நாட்டு நேரம் வைக்கலாம், ஆனால் முழு மணித்தியாலமாகத்தான் கூட்டலாம், குறைக்கலாம். இந்தியாவும் இலங்கையும் ஜெர்மனிக்கு முன்னால், கோடையில் மூன்றரை மணித்தியாலம், குளிருக்கு நாலரை. அந்த அரை அதற்குள் கிடையாது. இவன் நாலைக் கூட்டிப் பார்த்திருக்கிறான், ஐந்தைக் கூட்டிப் பார்த்திருக்கிறான். சரிவராமல் சினந்து, பொத்தானை மாறி மாறி அமத்தினதில் கூட்டல் கழித்தலாகி, மணிக்கூடு பல மணித்தியாலம் பின்னால் போய்விட்டது. அதைக் கவனிக்காமல் அலாரத்தை வைத்துவிட்டுப் படுத்திருக்கிறான். அடுத்த நாள் அவனுக்கு வாய்மொழிப் பரீட்சை. அலாரம் அடித்து, இவன் ஓடிப்போய்ச் சேர்ந்தபோது பேராசிரியர் கதவைப் பூட்டிக்கொண்டிருந்தாராம். இனி அடுத்த தவணைக்குத்தான்.

"கையில ஃபோன் இருக்கே தம்பி, அதில வைச்சிருக்கலாமே?" என்று கேட்டேன். "ஃபோன் பக்கத்துல இருந்தா விடிய விடிய நோண்டிட்டே இருக்கேன்னுதான் அக்கா இதை வாங்கினேன்" என்றான். மணிக்கூட்டை ஜெர்மன் நேரத்துக்குத் திருப்பிக் கொடுத்தேன். அவன் அதைப் பையில் போடாமல் கொஞ்ச நேரம் கையில் வைத்துப் பார்த்தபடி நின்றான். பிறகு, "அம்மா எந்திரிச்சிருப்பாங்களான்னு தெரிஞ்சுக்கத்தான் அக்கா மாத்தினேன். கடைசில நான்தான் எந்திரிக்கல" என்றான்.

ஜன்னல்

ஜெர்மன்காரரான ஹெர் கிளாசன் ஓய்வுபெற்ற பாடசாலை ஆசிரியர். அவருடைய மணிக்கூட்டுக்கு அலை கிடைக்கவேயில்லை. திரையின் மூலையில் சின்னக் கோபுரப் படம் மினுங்கிக்கொண்டே இருக்கும், நேரம் வராது. எல்லாருக்கும் சொல்கிறதைத்தான் அவருக்கும் சொன்னேன்: டிவிக்குப் பக்கத்தில் வைக்க வேண்டாம், கொங்கிரீட் சுவரோடு வைக்க வேண்டாம், ஜன்னலில் வையுங்கள். தலையாட்டிவிட்டுப் போனார். அடுத்த கிழமை திரும்பி வந்தார். ஜன்னலில் வைத்தீர்களா என்று கேட்டால் இல்லை என்றார். மீண்டும் சொல்லி அனுப்பினேன். மூன்றாம் முறையும் வந்தபோது எனக்கே சினம் வந்துவிட்டது. அப்போதுதான் சொன்னார். ஜன்னலோரம் மனைவியின் கட்டில் கிடக்கிறது. அவர் வருத்தக்காரி, எழும்ப முடியாது. மணிக்கூட்டின் வெளிச்சம் அவருடைய நித்திரையைக் குழப்பும். மணிக்கூட்டைத் திருப்பி எடுத்து, ரேடியோ அலை தேவைப்படாத ஒன்றைக் கொடுத்து அனுப்பினேன்.

அந்த வருடம் இலையுதிர் காலத்தில் திரும்ப வந்தார். கையில் சாமான் ஒன்றும் இல்லை. முதலில் திருப்பிக் கொடுத்த அதே மணிக்கூட்டைக் கேட்டார். எனக்கு அவரை நினைவு இருந்ததே தவிர, புத்தி வேலை செய்யவில்லை. வாய்க்குப் பழகின பாடத்தைத் தொடங்கிவிட்டேன்: இதை ஜன்னலில் வைத்தால்தான்... அவர் கையைக் காட்டி நிற்பாட்டினார். "தெரியும், அம்மணி. ஜன்னலில் இப்போது இடம் இருக்கிறது."

அலோசியஸ் அண்ணை வெக்கர் வாங்கினது

அலோசியஸ் அண்ணை எங்கள் சனம் கிழக்கு பெர்லினின் ஷோனெஃபெல்ட் விமான நிலையத்தில் அகதிகளாக வந்திறங்கின காலத்து ஆள். ஊர் யாழ்ப்பாணம். இங்கே ஆஸ்பத்திரிச் சமையலறையில் வேலை செய்து ஓய்வெடுத்தவர். மனைவி போனபிறகு, ஒரு வீட்டின் கீழ்த்தட்டில், பாதி நிலத்துக்குள் இருக்கிற அறைகளில் தனியே இருக்கிறார். ஒரே மகள் ஹம்பேர்க்கில். அவள் தன்னோடு படித்த ஜெர்மன் பெடியனோடு சேர்ந்து வாழப் போனபோது, "இந்தப் படி மிதிக்காதே" என்று சொன்னவர் இவர். அவள் மிதிக்கவில்லை. தாயின் செத்தவீட்டுக்கு வந்தவள், மாதா கோயிலின் மற்றப் பக்கத்தில் நின்றுவிட்டுப் போய்விட்டாள்.

மார்ச் மாதம் தொடங்கின கையோடு அண்ணை கடைக்கு வந்தார். மகள் செய்தி அனுப்பியிருக்கிறாளாம். வேலை விசயமாக பிறசல்ஸ் போகிறாள், ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை ஆஹெனில் றெயின் மாற வேண்டும், முக்கால் மணித்தியாலம் நிற்பாள், விருப்பமென்றால் வரலாம். "விருப்பமெண்டா எண்டு எழுதியிருக்கிறா" என்று இரண்டு தரம் சொன்னார். அது கோடை நேரத்துக்காக மணிக்கூட்டை ஒரு மணித்தியாலம் முந்தி வைக்கிற ஞாயிறு. அதுதான் அவருக்குப் பயம். "நீங்கள் ஒண்டும் செய்யத் தேவையில்லை அண்ணை, இது தானே மாறும். ஜன்னல் பக்கம் வையுங்கோ" என்று சொல்லி, பற்றரியும் போட்டு, அலாரமும் வைத்துக் கொடுத்தேன். பெட்டியைக் கக்கத்தில் வைத்துக்கொண்டு சிரித்தார். "அப்ப நான் பிந்தினா நீங்கள்தான் பொறுப்பு, தங்கச்சி."

ஸ்டேசன் மணிக்கூடு

நேரம் மாறின ஞாயிறு போய், திங்கட்கிழமை மத்தியானம் அண்ணை என் மேசைக்கு முன்னால் வந்து நின்றார். உடுப்பைப் பார்த்தவுடனேயே எனக்கு விளங்கிவிட்டது. கோயிலுக்குப் போடுகிற கோட்டு. முதல் நாள் போட்டதைக் கழற்றவில்லை போல.

அவருடைய அறையின் ஜன்னல் தெரு மட்டத்தில், இரும்புக் கம்பிக்குப் பின்னால் இருக்கிறது. அதில் வைத்தால் களவு போய்விடும் என்று பயந்து, மணிக்கூட்டை மாதா சுரூபத்துக்குக் கீழே, டிவிக்குப் பக்கத்தில் வைத்திருக்கிறார். அங்கே அலை எட்டவில்லை. மணிக்கூடு மாறவும் இல்லை. அண்ணை எழும்பி, குளித்து, மகளுக்குப் பிடிக்குமென்று தானே சுட்ட பயத்தம் பணியாரத்தையும் எடுத்துக்கொண்டு, அந்த அவசரத்தில் கைபேசியைச் சார்ஜிலேயே விட்டுவிட்டு, றெயினுக்குக் கால் மணித்தியாலம் முந்திவிட்டேன் என்ற சந்தோசத்தோடு ஸ்டேசனுக்குப் போயிருக்கிறார். அங்கே பெரிய மணிக்கூடு ஒரு மணித்தியாலம் கூடக் காட்டிக்கொண்டிருந்தது. "அது பிழை எண்டு நினைச்சன் தங்கச்சி. நேரம் மாறுறது எனக்குத் தெரியும். என்ர மணிக்கூடு மாறியிருக்கும், ஸ்டேசன்காரர்தான் ரெண்டு தரம் மாத்திப்போட்டாங்கள் எண்டு நினைச்சன்." பிளாட்போமில் நின்று, வருகிற றெயின் எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டு நின்றாராம். வீட்டுக்கு வந்து பார்த்தால் கைபேசியில் மகள் எடுத்த அழைப்புகள். திரும்ப அழைத்தார், அவள் எடுக்கவில்லை.

அவருக்கு வேறு மணிக்கூடு வேண்டியிருக்கவில்லை. "இது பழுதெண்டு ஒரு துண்டு எழுதித் தாங்கோ. படம் பிடிச்சு மகளுக்கு அனுப்போணும். நான் வேணுமெண்டு வராமல் விட்டனான் எண்டு நினைக்கப் போறா." மணிக்கூட்டைக் கடை ஜன்னலில் வைத்தேன். நாங்கள் கதைத்துக்கொண்டிருக்கும்போதே அது அலையைப் பிடித்துச் சரியான நேரத்துக்கு வந்துவிட்டது. ஒரு குறையும் இல்லை. பக்கத்து மேசைப் பக்கம் திரும்பினேன். அங்கே என்னோடு வேலை செய்கிற ஜெர்மன்காரர் உவே. வாடிக்கையாளரைப் பார்த்து அவர் சிரித்து நான் கண்டதில்லை. கதையை ஜெர்மனில் சொன்னேன். முழுவதையும் கேட்டார். கடைத்தாள் ஒன்றை இழுத்து, 'பாவித்த இடத்தில் அலை கிடைக்கவில்லை, அதனால் நேரம் மாறவில்லை' என்று எழுதி, கையெழுத்து வைத்து, முத்திரையும் குத்தி அண்ணையிடம் நீட்டினார். பிறகு என் பக்கம் திரும்பினார். "பழுது என்று எழுத மாட்டேன். ஆனால் மனுஷன் வேண்டுமென்று செய்யவில்லை என்பதற்கு இது போதும்."

மகளின் பதில்

அண்ணை அந்த மணிக்கூட்டைத் திருப்பித் தரவில்லை. வீட்டுக்குக் கொண்டுபோய்க் கம்பி ஜன்னலிலேயே வைத்தார். சில நாள் கழித்து வந்து கைபேசியை என்னிடம் நீட்டினார். மகளின் பதில் தமிழில் இருந்தது: 'ஒரு மணித்தியாலத்துக்குக் காரணம் அனுப்பியிருக்கிறீங்கள் அப்பா. மிச்ச வருசங்களுக்கு?'

வாசித்துவிட்டு நிமிர எனக்கு மனம் வரவில்லை. உவே எழுதின துண்டு அந்தக் கேள்விக்குப் போதாது. அண்ணை கைபேசியை வாங்கி, கண்ணாடியைப் போட்டு, தானும் ஒருக்கால் வாசித்தார். "பிழை என்ரதான் எண்டு எழுதிப்போட்டன். அதுக்குப் பிறகு ஒண்டும் வரேல்லை" என்றார். வேறு ஆரையோ பற்றிக் கதைக்கிறமாதிரி, "தமிழ்ப் பள்ளிக்கூடத்துக்கு நான்தான் கூட்டிக்கொண்டு போறனான். ஒரு எழுத்துப் பிழையில்லை, பாத்தீங்களே?" என்றார்.

ஒக்டோபர்

கோடை முழுக்க மகளிடமிருந்து ஒரு சத்தமும் இல்லை. நானும் கேட்கிறதை விட்டுவிட்டேன். ஒக்டோபர் கடைசியில், நேரம் மாறின அடுத்த திங்கட்கிழமை, அண்ணை கடைக்குள் வந்தார். இந்த முறை என்ன கொண்டுவருகிறாரோ என்று கையைப் பார்த்தேன். வெறுங்கை.

சனிக்கிழமை பின்னேரம் மகள் கைபேசியில் அழைத்தாளாம். குரலைக் கேட்டு எத்தனையோ காலம். "அப்பா, நாளைக்கு நேரம் மாறுது. மணிக்கூட்டைப் பாருங்கோ" என்றாளாம். அவ்வளவுதான். இவர் வாய் திறக்க முதல் வைத்துவிட்டாள். அந்த ஒரு வசனத்தையும் அவள் சொன்ன மாதிரியே எனக்குச் சொல்லிக் காட்டினார். "திரும்ப எடுத்துக் கதைச்சிருக்கலாமே அண்ணை?" என்றேன். இல்லையென்று தலையாட்டினார். எடுத்தால் அவள் அடுத்தமுறை அதையும் சொல்லாமல் விட்டுவிடுவாளோ என்று பயமாம். அவருக்குப் பின்னால் சாமான்களோடு வரிசை நீண்டுகொண்டிருந்தது. அண்ணை அதைக் கண்டுவிட்டு விலகி நின்றார், பிறகு ஒரு அடி திரும்பி வந்தார். "மார்ச்சிலயும் மாறும்தானே, தங்கச்சி?"

எங்கள் கடையில் ஒவ்வொரு மணிக்கூட்டுக்கும் இரண்டு வருட உத்தரவாதம் எழுதிக் கொடுக்கிறோம். மணிக்கூட்டை வாங்கிக்கொண்டு போகிறவருக்கு ஒரு காலைப்பொழுதுக்காவது உத்தரவாதம் எழுதிக் கொடுக்க இன்னும் ஒருவரும் எங்களுக்குப் பழக்கவில்லை.