வட்டத்துக்குத் தண்ணீர் விட்டவன்

அன்றைக்கு வந்திருந்தவர்கள் இவர்கள்.

தண்ணீர் லாரியோடு நான். அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு பட்டறையின் ஸ்டோர் கீப்பர். மோட்டார் சைக்கிள் பந்தயத்தை நடத்தியவர் அவர். அதே பட்டறையின் டர்னர். பஸ் டிப்போ மெக்கானிக் ஒருவர், வீடு ஐயப்பன்தாங்கல். ஆவடி குவார்ட்டர்ஸிலிருந்து மூன்று பேர்: அண்ணன், தம்பி, அவர்களுக்கு மச்சான். பூந்தமல்லிக் கறிக்கடைக்காரர். மற்ற ஆறு பேர் அங்கங்கே வேலை செய்கிறவர்கள். ஆக வண்டி ஓட்ட வந்தவர்கள் பன்னிரண்டு. பஞ்சும் டிங்சருமாக ஒரு கம்பவுண்டர். ஏரிக்கரையில் துணி துவைக்கிற அக்கா. அக்காவின் வீட்டுக்காரர். வேடிக்கை பார்க்க வந்தவர்களை நான் எண்ணவில்லை.

இடம் நூம்பல் ஏரி. தொண்ணூறுகளின் நடு. கோடையில் ஏரி முக்கால்வாசி காய்ந்துவிடும். ஒரு மூலையில் குட்டை மட்டும் நிற்கும். மீதியெல்லாம் தட்டையான தரை. அந்தத் தரையில் முட்டை வடிவத்தில் ஒரு பாதை போட்டோம். எல்லோரும் அதை வட்டம் என்றுதான் சொன்னோம்.

எனக்கு வண்டிப் பந்தயம் தெரியாது. ஐந்தாவது வரை படித்தேன், பிறகு கிளீனர், பிறகு டிரைவர். வானகரத்து ஓனர் ஒருவரிடம் தண்ணீர் லாரி ஓட்டினேன். ஸ்டோர் கீப்பர் என் பக்கத்து வீட்டுக்காரர். அவருக்குப் பழைய பேப்பர் கடையில் ஒரு இங்கிலீஷ் பத்திரிகை கிடைத்தது. அதில் இங்கிலாந்தில் மண் பாதையில் நடக்கிற மோட்டார் சைக்கிள் பந்தயத்தைப் பற்றிப் பத்துப் பக்கம், படங்களோடு. டீக்கடையில் உட்கார்ந்து அவர் அதைப் படித்துச் சொன்னார்.

"நாலு பேரு, நாலு சுத்து. எல்லா வளைவும் இடது பக்கம்தான். ஒரு நிமிசத்துல முடிஞ்சிடும். வண்டிக்கு பிரேக்கே கெடையாதாம்."

"அப்ப எப்டி நிறுத்துவான்?" என்றார் டர்னர்.

"நிறுத்தமாட்டான். சுத்திகினே இருப்பான்."

"எங்க மாமனார் ஸ்கூட்டருக்கும்தான் பிரேக் இல்ல. அத எவன் போட்டோ புடிச்சான்?" என்றார் டிப்போ மெக்கானிக்.

சிரித்தார்கள். ஆனால் அடுத்த மாதமே ஆரம்பித்துவிட்டார்கள். பழைய நூறு சிசி வண்டிகள். லைட், மட்கார்டு, ஹார்ன், பிரேக் எல்லாவற்றையும் கழற்றினார்கள். நிறுத்த வேண்டுமென்றால் ஆக்சிலேட்டரை விட்டுவிட்டுக் கரைச் சரிவில் ஏற வேண்டும். படத்தில் இருந்தவர்கள் இடது பூட்ஸுக்கு அடியில் இரும்புத் தகடு போட்டிருந்தார்கள், வளைவில் காலைத் தரையில் தேய்த்துக்கொண்டு போக. டர்னர் அதைத் தேய்ந்துபோன ரம்பத் தகட்டில் வெட்டிக் கொடுத்தார். தலைக்கவசத்துக்குச் சிவப்பு, நீலம், வெள்ளை, மஞ்சள் என்று நாலு நிறத்தில் துணி உறை. கிளம்புகிற இடத்தில் இரண்டு மூங்கில், குறுக்கே பாவாடை நாடா. நாடா மேலே போனதும் வண்டி கிளம்பும். முதலில் வருகிறவனுக்கு மூன்று புள்ளி, அடுத்தவனுக்கு இரண்டு, மூன்றாமவனுக்கு ஒன்று, கடைசி ஆளுக்கு ஒன்றுமில்லை.

செலவு என்று பார்த்தால் பெட்ரோல், பின் டயர், சுண்ணாம்பு, கம்பவுண்டருக்குச் சாப்பாடு, என் லாரிக்கு டீசல். தலைக்கு முப்பது ரூபாய் போட்டார்கள். அதில் பாதி தண்ணீருக்கே போனது.

தண்ணீர்தான் முக்கியம். மண் காய்ந்திருந்தால் முதல் வண்டிக்குப் பின்னால் வருகிறவனுக்குக் கண் தெரியாது. அதிகம் நனைந்தால் சக்கரம் புதையும். லாரிக்குப் பின்னால் ஓட்டை போட்ட பைப் ஒன்று வெல்டு வைத்து, முந்தின சாயங்காலம் ஒரு லோடு, காலையில் ஒன்று, நடுவில் ஒன்று விடுவேன். குதிகாலால் அழுத்திப் பார்ப்பேன். பதிந்த தடத்தின் ஓரம் உடையாமல் நின்றால் சரி. யாரும் சொல்லித் தரவில்லை. முதல் வாரம் தண்ணீர் போதவில்லை, அடுத்த மூன்று வாரம் அதிகமாகிச் சக்கரம் புதைந்தது. ஐந்தாவது வாரம் தெரிந்துவிட்டது.

தூசி எழும்பக்கூடாது என்பதற்கு வேறொரு காரணமும் இருந்தது. வட்டத்துக்குக் கிழக்கே கரையோரம் ஆறு வீட்டுக்காரர்கள் துணி துவைத்தார்கள். ஆவடி குவார்ட்டர்ஸ் துணி, கல்யாண மண்டபத்துத் துணி. ஞாயிற்றுக்கிழமைதான் அவர்களுக்கு அதிக வேலை. மேற்கிலிருந்து காற்று அடித்தால் எங்கள் தூசி நேரே அவர்கள் கொடிக்குப் போகும். முதல் வாரம் போனது. அக்கா வந்து வட்டத்தின் நடுவில் நின்றுவிட்டார். ஓடுகிற வண்டியெல்லாம் கரையில் ஏறியது.

"இன்னா நைனா, மண்ண வாரி துணி மேல போடத்தான் லீவு நாள்ல கிளம்பி வந்தீங்களா?"

ஸ்டோர் கீப்பர் ஊர்த் தலைவரிடம் போனார். தலைவர் சொன்னது ஒன்றுதான். "அந்தப் பொம்பள சரின்னா எனக்கும் சரி. அது வேணாம்னா நாளைக்கே காலி பண்ணணும்."

அக்கா ஒரு வழி சொன்னார். வட்டத்துக்கு மிக அருகில் இருக்கிற கொடியில் வீட்டுக்காரரின் வெள்ளை வேட்டியை நனைத்துத் தொங்கவிடுவார். பந்தயம் முடிந்ததும் எடுத்துப் பார்ப்பார். வெள்ளையாக இருந்தால் அடுத்த வாரம் உண்டு. இல்லாவிட்டால் இல்லை. இன்னொன்றும் சொன்னார். குட்டைத் தண்ணீரில் கை வைக்கக்கூடாது. அது துவைக்க.

அதிலிருந்து ஒவ்வொரு ஞாயிறும் பந்தயத்தில் யார் ஜெயித்தது என்பதைவிட வேட்டி என்ன சொன்னது என்றுதான் எல்லோரும் பார்த்தார்கள். அது என் வேலை. எனக்குப் பிடித்திருந்தது. வாரம் முழுக்கத் தண்ணீரைக் கொண்டுபோய் யாரோ கட்டுகிற வீட்டில் கொட்டுகிறேன். இங்கே நான் விட்ட தண்ணீரை எல்லோரும் பார்த்தார்கள்.

நான் சொல்ல வந்த ஞாயிறு, பந்தயம் பெரியது. பன்னிரண்டு ஓட்டம், ஆளுக்கு நாலு. எங்கள் வட்டத்தில் அதுவரை ஆறேழு பேருக்கு மேல் ஓட்டியதில்லை. ஆனால் ஓனர் முந்தின நாளே சொல்லிவிட்டார். "கல்யாணத்துக்கு லாரி போவுது. உனக்கு ஒரு லோடுதான். பதினோரு மணிக்கு வேற டிரைவர் வந்து எடுத்துப்பான்."

காலையில் அந்த ஒரு லோடை விட்டேன். லாரி போய்விட்டது. ஐந்தாவது ஓட்டம் முடிந்தபோது மண் வெளுக்க ஆரம்பித்தது. டர்னருக்கும் டிப்போ மெக்கானிக்குக்கும் ஆறு ஆறு புள்ளி. குதிகாலை வைத்தேன். தடம் பொடிந்தது.

"அண்ணாத்தே, தண்ணி?" என்றார் ஸ்டோர் கீப்பர்.

"இல்ல."

டர்னர் ஒரு ஏற்பாட்டோடு வந்திருந்தார். லாரி ஷெட்டிலிருந்து கழிவு ஆயில் ஒரு பீப்பாய். "இத ஊத்தினா ஒரு மாசத்துக்குத் தூசி கெளம்பாது மாமே. எங்க பட்டறை வாசல்ல ஊத்திதான வெச்சிகீறோம்."

பட்டறை வாசலில் ஆள் நடப்பான், சைக்கிள் போகும். இங்கே சக்கரம் மண்ணைக் கிளறி வாரி அடிக்கும். எனக்கு அது தெரியும். வேண்டாம் என்று சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. தண்ணீர் இல்லாத தண்ணீர்க்காரன் என்ன பேசுவது என்று இருந்துவிட்டேன். இரண்டாவது வளைவில் ஊற்றினோம்.

ஆறாவது ஓட்டம். டர்னர், டிப்போ மெக்கானிக், கறிக்கடைக்காரர், குவார்ட்டர்ஸ் தம்பி, நாலு பேரும் அந்த வளைவுக்குள் போனார்கள். ஒருவர்கூட வெளியே நேராக வரவில்லை. கறிக்கடைக்காரர் உட்கார்ந்தபடியே பத்தடி வழுக்கினார். குவார்ட்டர்ஸ் தம்பி அவர் மடியில் போய் விழுந்தார். அடி ஒன்றுமில்லை, முழங்கை சிராய்ப்பு. ஆனால் சறுக்கிய வண்டிகளின் பின் சக்கரம் கரும் மண்ணை அள்ளி அடித்தது. வேட்டி கொஞ்சம் பக்கவாட்டில் தள்ளி இருந்ததால் தப்பியது. அதற்குப் பின்னால் தொங்கிய ஒரு பெட்ஷீட்டில் கரும்புள்ளி வரிசையாக விழுந்தது.

அக்கா பெட்ஷீட்டை உருவி எடுத்துக்கொண்டு வந்தார். கத்தவில்லை. கத்தியிருந்தால் தேவலை.

"எவன் ஊத்தினது?"

டர்னர் கையைத் தூக்கினார். "நான்தான்க்கா."

"பேமானி. தண்ணி இல்லேன்னா ஊட்டுக்குப் போறது. எண்ணெயாடா ஊத்துவ? இது குவார்ட்டர்ஸ் துணி. நாளிக்கு காலைல குடுக்கணும். நான் இன்னா பதில் சொல்றது?"

குவார்ட்டர்ஸ் அண்ணன் கிட்டே வந்து பார்த்தார். அவர் திருநெல்வேலிப் பக்கம். "அக்கா, இது எங்க வீட்டு விரிப்புல்லா."

"நல்லதாப் போச்சி. உங்க அம்மாகிட்ட நீயே சொல்லிடு."

"ஐயையோ, வேண்டாம்க்கா. அவனையே துவைக்கச் சொல்லுங்க."

எல்லோரும் சிரித்தார்கள். அக்கா சிரிக்கவில்லை. "வேட்டி தப்பிச்சிது. அதனால ஒரு வார்த்த சொல்றேன். இந்தக் கறை போவணும். அந்த எண்ணெ மண்ணு ஒரு புடி இங்க இருக்கக்கூடாது. அப்பறமும் நீங்க ஓட்டி, வேட்டி வெள்ளையா இருந்தா வாங்க. இல்லேன்னா இன்னியோட சரி."

ஸ்டோர் கீப்பர் பந்தயத்தை நிறுத்திவிடலாம் என்றார். நிறுத்தினால் அவமானம், ஓட்டினால் தூசி. எல்லோரும் என்னைப் பார்த்தார்கள்.

நான் அக்காவின் துவைக்கிற கல் பக்கம் நடந்தேன். துவைத்த அழுக்குத் தண்ணீர் குட்டையில் கலக்காமல் இருக்க ஒரு சின்ன வாய்க்கால் வெட்டி, பக்கத்துப் பள்ளத்தில் விட்டிருந்தார்கள். பள்ளம் நிறையச் சோப்பும் சோடாவும் கலந்த தண்ணீர். வாய்க்கால் ஓரத்து மண்ணைக் குதிகாலால் அழுத்தினேன். தடம் அப்படியே நின்றது. நடுமத்தியானம், வெயில் அடித்துக்கொண்டிருந்தது.

"அக்கா, இந்தத் தண்ணி உங்களுக்கு வேணுமா?"

"அழுக்குத் தண்ணி அது. கண்ணுல பட்டா எரியும்."

"வண்டி ஓட்றவங்க கண்ணாடி போட்டுகீறாங்க."

அக்கா ஒரு பக்கெட்டை என் பக்கம் தள்ளினார். "எடுத்துக்க" என்றார்.

முதலில் ஆயில் மண்ணைச் சுரண்டினோம். நாலு மண்வெட்டி, ஆறு பாண்டுச் சட்டி. ஒரு சாண் ஆழத்துக்கு எடுத்து, கரைக்கு அந்தப் பக்கம் குழி வெட்டிப் புதைத்தோம். நல்ல மண் கொண்டுவந்து நிரப்பி மிதித்தோம். ஒரு மணி நேரம் ஆனது.

அக்காவின் வீட்டுக்காரர் மண்ணெண்ணெய் டின்கள் எட்டு கொடுத்தார். ஆணியால் அடியில் ஓட்டை போட்டேன். பள்ளத்திலிருந்து வட்டம் வரை ஆட்கள் வரிசையாக நின்றார்கள். பக்கெட் கை மாறி வரும், டின்னில் ஊற்றுவார்கள், நான் தூக்கிக்கொண்டு நடப்பேன். வேடிக்கை பார்க்க வந்தவர்களும் வரிசையில் நின்றார்கள். லாரியில் உட்கார்ந்து விட்ட தண்ணீரைவிட நன்றாக விட்டேன். எங்கே காய்ந்திருக்கிறது என்று காலுக்கே தெரிந்தது.

டர்னர் கல்லில் நின்று துவைத்தார். முதலில் மண்ணெண்ணெய் தடவி, பிறகு சோடா, பிறகு சோப்பு. இடது காலில் இரும்புத் தகடு அப்படியே இருந்தது.

"ஓங்கி அடிக்காத. கிழிஞ்சிடும்" என்றார் அக்கா. "கசக்கு. அப்டித்தான். கல்யாணம் ஆயிட்ச்சா?"

"இல்லக்கா."

"ஆனா கஷ்டப்படமாட்ட."

வட்டம் தயார் ஆனபோதும் அவர் துவைத்து முடிக்கவில்லை. மறுபடி ஓட்ட வேண்டிய ஆறாவது ஓட்டத்தில் அவரும் உண்டு. வராவிட்டால் புள்ளி போகும். டிப்போ மெக்கானிக் வண்டியை ஸ்டாண்டு போட்டுவிட்டு இறங்கினார்.

"அவன் வரட்டும். அவன் இல்லாம நான் ஜெயிச்சா எங்க ஊட்ல சோறு போடமாட்டாங்க."

கறை போன பிறகுதான் டர்னர் வந்தார். கை இரண்டும் வெளுத்துச் சுருங்கிப் போயிருந்தன.

ஆறாவது ஓட்டத்தை மறுபடி ஓட்டினார்கள். பிறகு மீதி. முதல் வண்டி வளைவில் சாய்ந்தபோது சக்கரத்தடியில் நுரை வந்தது. சோப்பு வாசனை. தூசி எழும்பவில்லை. மண் கட்டியாகப் பெயர்ந்து, பெயர்ந்த இடத்திலேயே விழுந்தது. மேற்கிலிருந்து காற்று அடித்துக்கொண்டுதான் இருந்தது. நான் வண்டிகளைப் பார்க்கவில்லை. வேட்டியைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

கடைசி ஓட்டத்தில் டிப்போ மெக்கானிக் ஒரு சக்கர நீளத்தில் ஜெயித்தார். டர்னர் இரண்டாவது.

"சோப்பு கையில ஆக்சிலேட்டர் நிக்கல மாமே" என்றார் டர்னர்.

"சாக்கு சொல்லாத மச்சான். துணி நல்லா துவைக்கிற, அத சொல்லு."

அக்கா கொடிக்குப் போனார். நாங்கள் எல்லோரும் பின்னால் போனோம், ஜெயித்தவரும்தான். வேட்டியை உருவி வெயிலுக்கு நேராக விரித்துப் பிடித்தார். ஒரு முனை, மறு முனை, கரை, நடு. திருப்பிப் போட்டுப் பார்த்தார். முகர்ந்தும் பார்த்தார்.

"என் சோப்பு வாசனதான் அடிக்குது" என்றார். வேட்டியை மடித்து இடுப்பில் இடுக்கிக்கொண்டார். பிறகு என்னைப் பார்த்துச் சொன்னார். "அடுத்த ஞாயித்துக்கெயம பள்ளத்த ரொப்பி வெக்கிறேன். பக்கெட்டு நீங்க எடுத்துகினு வாங்க."

அதற்குப் பிறகு எனக்கு லாரி தேவைப்படவில்லை. தலைக்கு முப்பது ரூபாய் இருபதானது. அந்தத் தரையில் மழைக்காலம் போக மற்ற ஞாயிறுகளில் ஓட்டினார்கள், நான் தண்ணீர் விட்டேன். பிறகு ஏரியைத் தூர் வார வந்தார்கள், வட்டம் போனது. அதில் யார் மேலும் குறை இல்லை. ஸ்டோர் கீப்பர் புள்ளி எழுதிய நோட்டு இன்னும் அவரிடம் இருக்கிறது. போன மாதம் வாங்கி, பெட்ஷீட் துவைத்த நாளுக்கு அடுத்த பக்கத்திலிருந்து நான் சோப்புத் தண்ணீர் விட்ட ஞாயிறுகளை விரல் வைத்து எண்ணினேன்.

நாற்பத்தொன்று.