கேள்வி கேட்கக் கூடாத கவர்

லிஃப்ட் பழுது பார்க்கும் கம்பெனியில் அவனை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. 'வள்ளல்' என்பார்கள். வேலை முடிந்து, கிரீஸ் போகாத கைகளோடு நாலு பேரும் டீக்கடைக்குப் போனால் மற்றவர்கள் சட்டைப்பையைத் தடவுவதற்குள் அவன் காசைக் கொடுத்துவிடுவான். கூச்சக்காரன்; நாலு பேர் நடுவில் பேச வராது. காசு கொடுக்கிற அந்த நேரத்தில் மட்டும் தனக்கும் அங்கே ஓர் இடம் இருப்பதாகத் தோன்றும்.

வீட்டிலோ மாதக் கடைசி என்றால் இழுபறி. ஒருமுறை பள்ளி வேனுக்குப் பணம் கட்டாததால் வேன் வாசலில் நிற்காமலே போய்விட்டது. மகள் பையை மாட்டியபடி உட்கார்ந்திருந்தாள்.

"பத்தலை பத்தலைன்னு சொல்லி வாய்தான் வலிக்குது. எங்க போகுதுன்னாவது பார்ப்போமே," என்றாள் மனைவி.

அவள் மருந்துக்கடையில் பில் போட்டுக் காசு வாங்குகிறவள். மாத்திரை போட்டுத் தரும் சின்னக் காகிதக் கவர்களில் ஒரு கட்டு வாங்கி வந்தாள். காலை, மதியம், இரவு, சாப்பாட்டுக்கு முன், பின் என்று கட்டம் அச்சடித்தவை. அதன் மேலேயே வாடகை, பால், கரண்ட், வேன் என்று எழுதி, சம்பளம் வந்த அன்று பணத்தைப் பிரித்துப் போட்டாள்.

"வாடகை சாப்பாட்டுக்கு முன்னாடியாம்மா, பின்னாடியா?" என்றாள் மகள்.

"வாடகை எப்பவும் வெறும் வயித்துலதான்டி."

கடைசியாக இரண்டு கவர்கள் மிஞ்சின. ஒன்றில் 'அப்பா', மற்றதில் 'அம்மா'. "இது அவங்கவங்க இஷ்டம். என்ன பண்ணினேன்னு நீங்களும் கேட்கக் கூடாது, நானும் கேட்க மாட்டேன். ஆனா ஒரு கவர்லேர்ந்து இன்னொண்ணுக்குத் தாவக் கூடாது."

"கேட்கவே மாட்டேன் தாயே," என்று கும்பிட்டான்.

அப்பா கவர் பாதி மாதம்கூடத் தாங்கவில்லை. டீக்கடையில் கையை இழுத்துக்கொள்வது எப்படி என்று அவனுக்குத் தெரியவில்லை. வாடகையில் கைவைத்தால் உடனே தெரிந்துவிடும். பாலில் கைவைக்க மனம் வரவில்லை. அம்மா கவர்தான் தடிமனாக இருந்தது. சம்பளம் வந்ததும் வைத்துவிடலாம் என்று ஒரு நோட்டை உருவினான். சம்பளம் வந்தது, வைக்கவில்லை. இன்னொன்றை உருவினான்.

அவள் அவனைச் சந்தேகப்பட்டிருந்தால் தேவலை. தன்னையே சந்தேகப்பட்டாள்.

"என்னங்க, செருப்பு வாங்கலாம்னு வெச்சிருந்தேன். எப்பச் செலவு பண்ணினேன்னே ஞாபகம் இல்ல. எனக்கு மறதி வந்துடுச்சோ?"

"இருக்கும். வேலை அலுப்பு," என்றான்.

மறுநாள் லிஃப்டின் கீழ்க்குழியில் முட்டி மடக்கி வேலை செய்துகொண்டிருந்தபோதும் அந்த 'இருக்கும்' காதிலேயே நின்றது.

ஒரு மாலை அவளை அழைத்துப் போக மருந்துக்கடைக்கு வந்தான். கல்லாவில் அவள் மீதிக்காசை எண்ணிக்கொண்டிருந்தாள். எண்ணிவிட்டு மறுபடி எண்ணினாள். வரிசை நீண்டது.

"ஏம்மா, எண்ண எண்ண நோட்டு குட்டி போடுதா?" என்றார் வரிசையில் நின்ற ஒருவர். எல்லோரும் சிரித்தார்கள். அவளும் சிரித்துக்கொண்டே மூன்றாவது தடவை எண்ணினாள். பேச்சுக் கொடுத்தபடியே, பார்க்காமலே நோட்டெண்ணும் விரல்கள் அவை. அவன் உள்ளே போகாமல் வெளியிலேயே நின்றான்.

வழியில் அவள் சொன்னாள்: "நாளைக்கு முதலாளிகிட்டச் சொல்லிடப் போறேன். கல்லா வேணாம், உள்ள மருந்து அடுக்குறேன்னு. சம்பளம் குறையும்தான். ஆனா கல்லாவுல காசு குறைஞ்சு, திருடின்னு பேர் வாங்கினா தாங்க மாட்டேன்ங்க."

பூட்டியிருந்த சைக்கிள் கடை முன்னால் அவன் நின்றுவிட்டான்.

"நான்தான் எடுத்தேன்."

"எதை?"

"உன் கவர்லேர்ந்து. ரெண்டு மாசமா."

"எதுக்கு?"

"டீக்கு."

"டீக்கா?"

"எல்லாருக்கும்."

அவள் கத்தியிருந்தால் அவனுக்குக் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும். "டாக்டர்கிட்டப் போகலாமான்னு யோசிச்சுட்டு இருந்தேன். நீங்க 'இருக்கும்'னு சொன்னீங்க," என்றாள். பிறகு முன்னால் நடக்கத் தொடங்கினாள். அவன் பக்கத்தில் போகத் துணியாமல் பின்னாலேயே போனான்.

மறுநாள் அவள் முதலாளியிடம் எதுவும் சொல்லவில்லை. அவன் டீக்கடையில் தன் டம்ளருக்கு மட்டும் காசு வைத்தான்.

"என்ன வள்ளலே, கஜானா காலியா?"

"வீட்டுல பட்ஜெட் போட்டிருக்கோம். இனிமே அவங்கவங்க காசு அவங்கவங்க." சொல்வதற்குள் காது மடல் சுட்டது.

"நிதியமைச்சர் அண்ணி வாழ்க!" என்று ஒருவன் கை தட்டினான். மூத்த மெக்கானிக், "நானும் குடுக்கணும்னுதான் பார்ப்பேன்டா. நீ எங்க விட்டே?" என்றபடி சில்லறை எடுத்தார். எல்லோரும் கொடுத்தார்கள். பேச்சு அன்று பார்த்த லிஃப்டின் தேய்ந்துபோன பிரேக்குக்குத் தாவியது. டீயில் ஆவி அடங்கவில்லை. அதற்குள் எல்லாம் முடிந்திருந்தது. இவ்வளவுதானா? இதற்குப் பயந்தா? அவனால் அந்த டீயைக் குடித்து முடிக்க முடியவில்லை.

அதன் பிறகு கவர்கள் மாதக் கடைசிவரை நின்றன. வேன் பணம் தவறவில்லை. எடுத்ததையெல்லாம் தன் கவரிலிருந்து கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்த்து அவள் கையில் கொடுத்தான். அவள் எண்ணினாள்.

"சரியா இருக்கு," என்றாள்.

பிறகு, அவன் எதிரிலேயே, முதல் நோட்டிலிருந்து மறுபடி எண்ணத் தொடங்கினாள்.