டபுள் கேப்பின் பின் சீட்

போன ஞாயிற்றுக்கிழமை பாரிஸுக்குப் பக்கத்தில் பொண்டியில் ஒரு வீட்டு முற்றத்தில் நின்று கத்திக்கொண்டிருந்தேன்.

"வாங்கோ... வாங்கோ... ஐயோ, நில்லுங்கோ!"

எங்கள் பிக்-அப்பை ரிவர்ஸில் எடுத்துக்கொண்டிருந்தார் என் வீட்டுக்காரர். பின்னால், நான்கு இரும்புக் கால்களில் ஒரு குட்டி வீடு. கட்டில், அடுப்பு, ஜன்னல் எல்லாம் உண்டு. பிக்-அப்பின் சாமான் பெட்டியில் அதை அப்படியே ஏற்றிக்கொண்டு ஊர் சுற்றலாம். பிரெஞ்சில் இதற்கு 'செலூல்' என்று பெயர். சிறை அறைக்கும் அதே சொல்தான்! பாரிஸ் லா ஷப்பலில் நாள் முழுக்க மளிகைக் கடைக்குள் கிடக்கும் எங்களுக்குச் சிறை புதிதா என்ன?

வண்டி நின்றது. ஆனால் வண்டி முடிந்த பிறகும் வீடு முடியவில்லை. ஒரு ஆள் குந்தியிருக்கிற அளவுக்கு வெளியே நீட்டிக்கொண்டு நின்றது.

அந்தக் குட்டி வீட்டை விற்பவர் தபால் இலாகாவிலிருந்து ஓய்வு பெற்ற புதுச்சேரிக்காரர். தலையில் கை வைத்தார். "மிஸ்யே, இது சிம்பிள் கபின் வண்டிக்குச் செஞ்சதாச்சே! உங்களுது துப்ள் கபின். பின் சீட் இருக்கு பாருங்க, அது பெட்டி நீளத்தைத் தின்னுடுச்சு. இப்படியே ஏத்தினா பாரம் பூரா பின் சக்கரத்துக்கு அந்தாண்ட போயிடும். முன்பக்கம் தூக்கிக்கும், ஸ்டியரிங் பிடிக்காது."

"டபுள் எண்டால் பெரிசுதானே?" என்றார் இவர், பாவமாக.

சிரிக்காதீர்கள். நாங்கள் விட்டு வந்த ஊரில் இப்படிப் பின் சீட் வைத்த பிக்-அப்புக்கு டபுள் கேப் என்று பெயர்; அது தெருவில் போனால் அதற்குள் யாரோ பெரிய ஆள் இருப்பார். நாங்கள் வேலியோரம் ஒதுங்கி நின்று பார்த்தவர்கள். டபுள் என்றால் எல்லாமே டபுள் என்றுதான் இவர் நம்பியிருந்தார். டபுளில் ஒன்று பாதியாகும் என்று யார் கண்டது?

புதுச்சேரிக்காரர் நல்ல மனிதர். வழியும் சொன்னார். "என் அக்கா பையன்கிட்ட சிம்பிள் கபின் இருக்கு. அவனுக்கு இப்பதான் குழந்தை பொறந்திருக்கு, பின் சீட் வேணுமாம். மாத்திக்குங்களேன். இது அதில கச்சிதமா உக்காரும். இல்லன்னா குட்டையா வேற ஒண்ணு தேடணும். அதுல ரெண்டு பேர்தான் படுக்கலாம்."

கணக்கைப் பாருங்கள். இந்த செலூலில் நான்கு பேர் படுக்கலாம், ஆனால் அதைச் சுமக்கும் வண்டியில் இரண்டு பேர்தான் போகலாம். எங்கள் வண்டியில் நான்கு பேர் போகலாம், அதற்குப் பொருந்தும் செலூலில் இரண்டு பேர்தான் படுக்கலாம். ஓடும்போது செலூலுக்குள் ஆள் இருக்கவும் கூடாது. இதைக் கண்டுபிடித்தவனுக்குப் பிள்ளைகள் இருந்திருக்க மாட்டார்கள்!

எங்களுக்கு இருக்கிறார்கள். மகள் துலூஸில், மகன் லியோனில். சின்ன வயதில் ஒவ்வொரு கோடையிலும், "அப்பா, கடலுக்குப் போவமா?" என்று கேட்பார்கள். "பாப்பம்" என்பார் இவர். கடையைப் பூட்ட வழியில்லை. இந்த ஆகஸ்டில்தான் முதல் தடவையாகப் பூட்டப் போகிறோம். இவர் வாங்கியது வண்டியை அல்ல, அந்தப் பின் சீட்டை. எனக்குத் தெரியாதா?

முற்றத்தில் நின்றபடியே மகளுக்கு போன் போட்டேன். "பிள்ளை, ஆகஸ்டில ரெண்டு பேரும் எங்களோட கடலுக்கு வருவியளோ?"

மறுமுனையில் பிரெஞ்சில் பதில் வந்தது. "ஓன் வெர்ரா, மமோன்."

"என்னவாம்?" இவர் என் வாயையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"பாப்பமாம்."

"பாப்பம் எண்டால்... வரப் பாக்கினம் எண்டுதானே?"

அந்தச் சொல்லை வீட்டுக்குள் கொண்டுவந்தவரே அர்த்தம் கேட்கிறார்! "ஓம், ஓம்" என்றேன். எனக்கும் ஆசைதான். பின்னால் இரண்டு பேரும் சண்டை பிடிக்க, நான் முன்னாலிருந்து திரும்பி அதட்ட வேண்டும். அவ்வளவுதான்.

இவர் புதுச்சேரிக்காரரிடம் திரும்பினார். "மன்னிச்சுக்கொள்ளுங்கோ, அண்ணை. மாத்தேல்லை. குட்டையாய் ஒண்டு தேடுறன்."

"நாலு பேரும் எங்கயப்பா படுக்கிறது?" என்று கேட்டேன்.

"அவை ரெண்டு பேரும் உள்ளுக்குப் படுக்கட்டும். நாங்கள் கூடாரம் அடிப்பம். முதல்ல அவை வண்டியில ஏறட்டும்."

திரும்பும் வழியில் மொத்தக் கடையில் நிறுத்திக் கடைக்குக் காய்கறி எடுத்தோம். மழை தூறியது. முருங்கைக்காய்க் கட்டைப் பின் சீட்டில் வைத்தேன். இவர் இறங்கி வந்து, அதைத் தூக்கித் திறந்த பெட்டியில் போட்டார். தன் ஜாக்கெட்டைக் கழற்றி மூடினார்.

"நனையப்போறீங்கள்!"

"பரவாயில்லை. அதில சாமான் வைக்காதையும். அது ஆக்கள் இருக்கிற இடம்."

ஆட்கள் வருவார்களா?

பாப்பம்.