கையெழுத்துப் போடாத இஸ்திரிக்காரம்மா

இஸ்திரிக்காரம்மாவைச் சுகாதாரக் குழுவுக்கு அனுப்பியது சந்துக்காரர்கள்தான். "வாயுள்ள பொம்பளை, போய் உட்காரட்டும்" என்று தள்ளிவிட்டார்கள். மக்கள் பிரதிநிதி என்று ஒருவர் விதிப்படி இருந்தாக வேண்டும். அந்த நாற்காலியில் இரண்டு வருடமாக உட்கார்ந்து, நீட்டிய இடத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டு வந்தாள். அங்கே போனால் மட்டும் அந்த வாய் எங்கே போய் ஒளிந்துகொள்ளுமோ!

அந்த வாரம் சந்தில் பதினோரு வீடுகளில் வாந்தி, பேதி. செருப்புத் தைப்பவரின் மனைவி இரண்டாம் நாளே கண்ணை மூடிவிட்டாள். மூன்றாம் நாள் காலை, இஸ்திரிக்காரம்மாவின் ஏழு மாதக் கர்ப்பிணி மருமகள் கழிப்பறை வாசலில் சுருண்டு விழுந்தாள். அவளை ஆஸ்பத்திரியில் சேர்த்து, மகனைப் பக்கத்தில் உட்காரவைத்துவிட்டு, இஸ்திரிக்காரம்மா நேராகக் குழுக் கூட்டத்துக்கு வந்தாள். உடுத்தியிருந்த துணியில் வாந்தி வாடை இன்னும் போகவில்லை.

சுகாதார அதிகாரி அறிக்கையை மளமளவென்று வாசித்தார். தண்ணீரில் குறையில்லை, கண்டதை வாங்கித் தின்றதுதான் காரணம், சந்து முழுவதையும் ஒரு வாரம் அடைத்து, யாரையும் வெளியே விடக்கூடாது. தாள் கைமாறிக் கைமாறி அவளிடம் வந்தது.

அடைத்துவிட்டால் எல்லாரும் உள்ளேயே கிடந்து அதே குழாய்த் தண்ணீரைத்தானே குடிப்பார்கள்? அவள் பேனாவை எடுக்கவில்லை.

"ஐயா, தண்ணிய எங்க எடுத்துப் பாத்தீங்க?"

"பெரிய தொட்டியில."

"நாங்க தொட்டியில வாய வெச்சுக் குடிக்கலையே. எங்க சந்துக் குழாயில பாத்தீங்களா?"

"எல்லாம் ஒரே தண்ணிதாம்மா. போடுங்க, நேரமாகுது."

"போட மாட்டேன்."

தாளை அதிகாரி பக்கமே தள்ளினாள். எதிரே இருந்த நர்ஸ், "அவங்க கையெழுத்து இல்லாம தீர்மானம் செல்லாது சார்" என்றாள் மெதுவாக.

அதிகாரியின் முகம் கறுத்தது. "உங்களால தள்ளிப்போய் இன்னொரு உயிர் போனா யார் பொறுப்பு?"

சுருக்கென்று தைத்தது. தன் சந்தேகம் தப்பாக இருந்துவிட்டால்?

"என் வீட்டு உயிரும்தான் அங்க ஊசலாடுது. நாலு மணிக்குத் தண்ணி விடுவாங்க. வந்து பாத்துட்டு அப்புறம் பேசுங்க."

நர்ஸ் வந்தாள். வேண்டாவெறுப்பாகக் குழாய்ப் பணியாளரும் வந்தார். குழாய் இருமி இருமி முதல் தண்ணீரைக் கக்கியது. பாட்டிலில் பிடித்து முகர்ந்தவர், மூக்கைப் பொத்தியபடி ஓடிப்போய் வால்வை மூடினார். தோண்டியபோது, உடைந்த சாக்கடைக் குழாய் குடிநீர்க் குழாயின் விரிசல்மேல் கசிந்துகொண்டிருந்தது.

செருப்புத் தைப்பவர் குழியையே வெறித்துக்கொண்டு நின்றார். "முதல் நாளே கேட்டிருக்கலாமேக்கா" என்றார். கோபமே இல்லாத குரல். அவளால் அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

அன்றே லாரியில் நல்ல தண்ணீர் வந்தது. சந்தின் வாயை யாரும் அடைக்கவில்லை. அதன் பிறகு புதிதாக நான்கு பேர் படுத்தார்கள், நால்வரும் தேறினார்கள். ஆஸ்பத்திரியில் சேர்த்த ஐந்தாம் நாள் மருமகள் எழுந்து உட்கார்ந்து, மாமியாரின் கையை இழுத்துத் தன் வயிற்றில் வைத்தாள்.

"உதைக்கிறான் பாருங்கத்தை."

இஸ்திரிக்காரம்மா அப்போதுதான் அழுதாள்.